அந்தோனியாருக்குப் போட்ட மாலை

அந்தோனியார் ஒரு சாண் உயரம்தான். மாலை ஒரு முழத்துக்கு மேல் இருந்தது. தமிழ்க்கடையில் சாமிப் படங்களுக்கென்று தொங்கிய துணிப்பூ மாலைகளில் ஆகச் சின்னதைத்தான் றோசா பொறுக்கி எடுத்து வந்திருந்தாள். அதைச் சுரூபத்தின் கழுத்தில் போட்டதும் புனிதர் மூக்குவரை பூவுக்குள் போய்விட்டார். கழற்றினாள், மடித்தாள், ஊசி குத்திச் சுருக்கிப் பார்த்தாள். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் சுரூபத்துக்குப் பின்னால் நிறுத்தியிருந்த மகன் றொக்சனின் படச்சட்டத்தில் மாலையைக் கொளுவி, இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, நடுவில் அந்தோனியாரை நகர்த்தி வைத்தாள். இப்போது புனிதரின் முகம் தெரிந்தது. பின்னால், பள்ளிக்கூடம் முடித்த நாளில் எடுத்த படத்தில், றொக்சன் பல்லைக் காட்டாமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

நீக்கிலாப்பிள்ளை தேத்தண்ணிக் கோப்பையோடு அறை வாசலில் நின்று இந்தக் கூத்து முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியின் வேலைகளில் குறை சொல்ல ஓர் இடம் வரும்வரை காத்து நிற்பது அவருடைய வழக்கம். அது வந்தது.

“உயிரோட இருக்கிறவனுக்கு மாலை போடுறீரோ?”

“மாலை அந்தோனியாருக்கு,” என்றாள் றோசா திரும்பாமலே. “அவன் பின்னால நிக்கிறான். அவ்வளவுதான்.”

உயிர்த்த ஞாயிறு கழிந்த செவ்வாய் அது. புனிதரின் திருநாளுக்கு முந்திய பதின்மூன்று செவ்வாய்களும் திரி கொளுத்தி மன்றாடுவதாக அவளுக்கு நேர்த்தி. இது ஆறாவது. காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர். யாழ்ப்பாணத்து மீன்பிடி ஊரான பாசையூரில் பிறந்தவர்களுக்கு அந்தோனியார் கிட்டத்தட்ட சொந்தக்காரர். வீட்டுச் சாவி தொலைந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். றோசா இதுவரை அவரிடம் ஒரு தோட்டையும், ஒரு பாஸ்போர்ட்டையும், பஸ்ஸில் விட்ட குடையையும் கேட்டு வாங்கியிருக்கிறாள். இந்த முறை கேட்டது கொஞ்சம் பெரிது.

அவள் சிவப்புக் கண்ணாடிக் குவளைக்குள் திரியைக் கொளுத்தி வைத்துவிட்டு, சப்பாத்தை மாட்டிக்கொண்டு, கார்டெரியில், பகல்நேரக் காப்பகத்தில், பிள்ளைகளுக்குச் சமைக்கப் புறப்பட்டாள். கதவடியில் நின்று, “ஊதி நூத்துப்போடாதேங்கோ. தானா எரிஞ்சு முடியட்டும்,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “இண்டைக்கு வருவினமோ?” என்று கேட்டாள்.

“இந்தக் கிழமை எண்டுதான் ஒப்பிஸ் கடிதத்தில போட்டிருக்கு.”

“என்ன சொல்லப்போறியள்?”

“சொல்லுறதைச் சொல்லுவன். நீர் போம், பஸ் போயிடும்.”

சொல்லுவதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

கடதாசி விஷயத்தில் நீக்கிலாப்பிள்ளைக்கு ஒரு திமிர் உண்டு. முப்பத்துமூன்று வருடங்களுக்கு முன் மொன்றியலில் வந்து இறங்கியபோது விமானநிலையத்தில் தந்த முதல் துண்டிலிருந்து இன்றுவரை எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருக்கிறார். நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு நிலக்கீழ் வீட்டில் குடியிருந்து, ஏழு வருடம் பட்டியலில் காத்திருந்து கிடைத்தது லாசாலில் இந்த மூன்றாம் மாடி வீடு. அரசாங்கம் கொடுப்பதால் சனம் கவுண்மேந்து வீடு என்று சொல்லும். உழைப்புக்குத் தக்க வாடகை, ஆட்களுக்குத் தக்க அறை. மூன்று பேர் என்றால் இரண்டு அறை. இரண்டு பேர் என்றால் ஓர் அறை. ஆளில்லாத அறைக்குச் சலுகை கிடையாது, சின்ன வீட்டுக்கு மாறவேண்டும். ஒவ்வொரு வசந்தத்துக்கும் ஒரு படிவம் வரும்: வீட்டில் யார் யார், யாருக்கு எவ்வளவு வருமானம். நீக்கிலாப்பிள்ளை அதைக் கறுப்புப் பேனையால், ஒரு வெட்டுத் திருத்தம் இல்லாமல் நிரப்பி, கடைசித் தேதிக்கு இரண்டு கிழமை முன்னரே கொண்டுபோய்க் கொடுப்பார். கோவிலில் பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது யாராவது மகனின் உழைப்பை மறைத்த கதையைச் சொல்லிச் சிரித்தால் இவர் எழுந்து போய்விடுவார். இதனால் அவருக்கு நண்பர்கள் குறைவு.

அந்தத் திமிர்தான் வினையாகியது. றொக்சன் படிப்பை விட்டுவிட்டு ஒரு களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்தான். முதற் சம்பளத்திலிருந்தே தகப்பன் அதைப் படிவத்தில் எழுதினார். வாடகை ஏறியது. இரண்டு வருடங்களுக்கு முன், ஒக்டோபரில், சாப்பாட்டு மேசையில் அந்தப் பேச்சு வந்தது.

“வசீகரன்ர அப்பா எழுதுறேல்லை. ஒருத்தரும் எழுதுறேல்லை. நீங்கள் மட்டும் என்ன பெரிய செயின்ற் அந்தோனியாரோ,” என்றான் மகன். வசீகரன் கோவிலில் பழகிய குடும்பத்துப் பெடியன்.

“பொய் எழுதி இருக்கிற வீடு எனக்குத் தேவையில்லை.”

“அப்ப நான் இஞ்ச இல்லையெண்டு எழுதுங்கோ.”

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். றோசா கண்ணைக் காட்டினாள். நிறுத்தத் தெரிந்திருந்தால் அவர் நீக்கிலாப்பிள்ளையே இல்லை.

“போடா. இண்டையோட உன்னைத் தலைமுழுகிட்டன். எனக்குப் பிள்ளையில்லை.”

அவன் ஒரு பையோடு போனான். அவனுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. அவர்களுக்கு இருந்தது அவன் ஒருவன்தான்.

அடுத்த வசந்தத்தில் படிவம் வந்தது. நீக்கிலாப்பிள்ளை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கறுப்புப் பேனையை எடுத்து, முதலாவது வரியில் தன் பெயரை எழுதினார். இரண்டாவதில் றோசாவின் பெயர். மூன்றாவது வரியில் பேனை நிற்கவே இல்லை. பிள்ளையில்லை என்று சொன்ன அதே ஆள், றொக்சன் நீக்கிலாப்பிள்ளை, மகன், இங்கே வசிக்கிறார், என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அந்த அறைக்கு வேறு யாரோ கட்டில் போடுவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவன் ஒருநாள் வந்து கதவைத் தட்டினால், இதுதான் உன் அறை என்று காட்ட ஓர் இடம் வேண்டும். வெறுங்கதிரையைக் காட்டி, இதில் படு என்று சொல்ல முடியுமா?

மகனே அறியாமல் அதற்கு உதவியும் செய்தான். அவன் முகவரியை மாற்றவில்லை. வருமானவரிக்குரிய வருடாந்தச் சம்பளத்துண்டு வீட்டுத் தபால்பெட்டிக்கே வந்தது. அதைப் பிரித்துப் பார்த்துத்தான், அவன் காஸ்பேயில், கடற்கரையில், ஒரு மீன் கம்பனியில் வேலை செய்கிறான் என்று தெரிந்தது. மீன் வேண்டாம் என்று ஓடிவந்த குடும்பத்தில் ஒருத்தன் பதினைந்து மணித்தியாலம் பஸ்ஸில் போய் மறுபடி மீனுக்கே சேர்ந்திருந்தான். நீக்கிலாப்பிள்ளை சிரித்தார், பிறகு குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். அந்தத் துண்டைப் பிரதி எடுத்துப் படிவத்தோடு இணைத்தார். வீட்டில் இல்லாத மகனின் உழைப்புக்கும் சேர்த்து வாடகை கட்டினார்.

அதற்குப் பிறகு சுப்பர்மார்க்கெட்டில் காஸ்பே என்று எழுதிய இறால் பொதிகளை வாங்க ஆரம்பித்தார். சுண்டுவிரல் நகத்தளவு பொடி இறால். பொரிக்கவும் உதவாது, குழம்புக்கும் உதவாது என்று றோசா முறுமுறுப்பாள். “மலிவாக் கிடந்தது,” என்பார். மலிவு இல்லை. பொதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கம்பனிப் பெயரில் ஒன்றிரண்டு எழுத்தாவது பொருந்துகிறதா என்று தேடுவார்.

றோசாவுக்கு மட்டும் மார்கழி நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் மகனிடமிருந்து கைபேசியில் ஒரு வரி வரும். போன நத்தாருக்கு அது வரவில்லை. எடுத்துப் பார்த்தபோது, இந்த எண் பாவனையில் இல்லை என்று பிரெஞ்சில் ஒரு பெண்குரல் சொன்னது. மாசி முடிந்தது, பங்குனியும் வந்தது. சம்பளத்துண்டும் வரவில்லை. நீக்கிலாப்பிள்ளை காலையும் மாலையும் மூன்று மாடி இறங்கித் தபால்பெட்டியைத் திறந்து பார்த்தார். துண்டில்லாமல் படிவத்தைக் கொடுத்தார். அதற்குப் பதிலாகத்தான், வீட்டில் வசிப்பவர்களை உறுதிப்படுத்த அலுவலர் ஒருவர் நேரில் வருவார் என்ற கடிதம் வந்தது. றோசா அதற்கு முன்னரே அந்தோனியாரிடம் போயிருந்தாள். நீக்கிலாப்பிள்ளை தன் வழியில் ஆயத்தமானார்: வாசலில் மகனின் பழைய சப்பாத்துகளை வைத்தார். அவை முழங்கால்வரை வரும் பனிச்சப்பாத்துகள், மாதமோ ஏப்ரல். குளியலறையில் ஒரு புதுச் சவர அலகை, கவரைக் கழற்றாமல் வைத்தார். பொய் எழுதிப் பழகாத மனிதனுக்குப் பொய்யை எப்படி வீடு முழுக்கப் பரப்புவது என்று தெரியவில்லை.

பத்து மணிக்கு மணி அடித்தது. படியேறி வந்தது ஒரு தமிழ்ப் பெண்பிள்ளை. இருபத்தெட்டு, முப்பது இருக்கும். கழுத்தில் அலுவலக அட்டை, கையில் ஒரு கணினிப் பை.

“வணக்கம் அங்கிள். நான் சஜிதா. ஒப்பிசில இருந்து வாறன். உங்கட ஃபைலில தமிழ் எண்டு இருந்தது, அதான் என்னை அனுப்பினவை. என்ர தமிழ் கொஞ்சம் மோசம், சொறி.”

தமிழில் பொய் சொல்லவேண்டிவரும் என்று அவர் எண்ணியிருக்கவில்லை. பிரெஞ்சு என்றால் பாதி விளங்கவில்லை என்று சமாளித்திருக்கலாம். அவள் கேட்காமலே சப்பாத்தைக் கழற்றிப் பனிச்சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். குசினியைப் பார்த்தாள், பெரிய அறையைப் பார்த்தாள், கணினியில் ஏதோ தட்டினாள்.

“மற்ற ரூம் மகன்ர என்ன? பார்க்கலாமோ?”

“ஓம்,” என்றார். அவன் வேலைக்குப் போயிட்டான் பிள்ளை, பின்நேரம் வருவான் என்று சொல்லவேண்டிய வசனத்தை உள்ளுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டே பின்னால் போனார்.

அவள் அறை வாசலில் நின்றுவிட்டாள். திரைச்சீலை மூடியிருந்தது. சுருக்கம் விழாத கட்டில். மேசையில், மாலை போட்ட படமும் அதற்கு முன்னால் சிவப்புக் குவளைக்குள் அசையும் சுடரும். அவள் நின்ற இடத்திலிருந்து சுரூபம் பூவுக்குள் அடங்கிப் பார்வைக்குப் படவில்லை. தமிழ் வீட்டில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் மாலையும் விளக்குமாக ஒரு படத்தைக் கண்டால் யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. சஜிதா கணினியை மெல்ல மூடினாள். தலையைக் குனிந்து, இரண்டு கையையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். திரும்பியபோது அவளுடைய கண் கலங்கியிருந்தது.

“எனக்குத் தெரியாது அங்கிள். தெரிஞ்சிருந்தா இப்பிடி வந்திருக்க மாட்டன்.”

நீக்கிலாப்பிள்ளைக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. இதைப் பின்னால் அவர் தனக்குத்தானே மறைக்கவில்லை. இல்லைப் பிள்ளை, மாலை அந்தோனியாருக்கு என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவள் பேசிவிட்டாள்.

“நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். பேப்பர் ஏன் வரேல்லையெண்டு இப்ப விளங்குது. வீட்டில ஒராள் மோசம்போனா நாங்கள் ரூமை உடன கேக்கிறேல்லை அங்கிள். அடுத்த வருஷம்வரைக்கும் நேரம் குடுக்கச் சொல்லி நான் மேல எழுதுறன். டெத் பேப்பர் பேந்து, ஏலுமான நேரம் கொண்டுவாங்கோ. அவசரமில்லை.”

ஒரு வருடம். திறந்த வாயை அவர் மூடிக்கொண்டார். ஒரு வருடத்தில் என்னவும் நடக்கலாம், அவன் திரும்பி வந்துவிடலாம். தலையை ஆட்டினாரா இல்லையா என்பது அவருக்கே நினைவில்லை. அவள் அவருடைய கையைத் தொட்டுவிட்டு, சப்பாத்தை மாட்டிக்கொண்டு, ஓசைப்படாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அவர் மகனின் கட்டிலில் போய் இருந்தார். வந்த முதல் நினைப்பு, சொல்லக் கூசுகிறது, சந்தோஷம்தான். அறை தப்பிவிட்டது. அடுத்ததாகத்தான் அந்த வசனம் காதில் விழுந்தது: எனக்குப் பிள்ளையில்லை. அன்று மேசையில் வெறிபிடித்துச் சொன்னதை இன்று ஓர் அறைக்காக அமைதியாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கடதாசியிலும் ஏறிவிடும். திரி எரிந்து முடியும்வரை அவர் படத்தைப் பார்க்காமல் இருந்தார்.

பின்னேரம் றோசா வந்ததும் வராததுமாகக் கேட்டாள். “ஒரு வருஷம் தந்திருக்கினம்,” என்றார். அவள் அந்தோனியாருக்கு நன்றி சொல்ல ஓடினாள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டபோது, “நான் ஒண்டுமே சொல்லேல்லை,” என்றார். அவர் வாழ்க்கையில் சொன்ன மிக மோசமான உண்மை அதுதான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பாணும் பாலும் வாங்க மூலைக்கடைக்குப் போய்த் திரும்பினார். வீட்டுக்கதவு திறந்து கிடந்தது. றோசா மகனின் அறைத் தரையில் இருந்தாள். வேலைக்குப் போட்ட உடுப்பு, கழற்றாத சப்பாத்து. மடியில் வெள்ளை அல்லிப்பூப் படம் போட்ட ஓர் அட்டை. தபால்பெட்டியில் இருந்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். உள்ளே, இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்தைப்போலக் கோணல்மாணலாக, பேனையை அழுத்திப் பிடித்து எழுதியிருந்தது: அன்புள்ள அங்கிள், ஆன்டி, உங்கள் மகன் றொக்சனின் ஆத்மா சாந்தி அடையட்டும். நான் உங்களுக்காகக் கும்பிடுகிறேன். சஜிதா.

“எப்ப செத்தவன்?” என்று கேட்டாள் றோசா. குரலில் அழுகை இல்லை. “ஒப்பிசுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் சொல்லேல்லை. அதுதான் ஒரு வருஷம் தந்தவையோ?”

“ஐயோ, இல்லையப்பா. அவள் பிள்ளை மாலையைப் பார்த்துப் பிழையா நினைச்சிட்டாள். அவன் உயிரோடதான் இருக்கிறான்.”

“நீங்கள் இல்லையெண்டு சொல்லேல்லையோ?”

அவர் பாண் பையைப் பிடித்தபடி நின்றார்.

“சொல்லேல்லை,” என்றார். “அறை போயிடுமெண்டு பார்த்தன்.”

றோசா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அடித்திருந்தால் தாங்கியிருப்பார்.

“உயிரோட இருக்கிறான் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் கைபேசியில் செய்தி வரவில்லை. சம்பளத்துண்டு வரவில்லை. எண் பாவனையில் இல்லை. அந்த அட்டையைப் பொய் என்று நிரூபிக்க அந்த வீட்டில் ஒரு கடதாசிகூட இல்லை. தான் சொல்லாமல் விட்ட ஒரு சொல்லால் அது உண்மையாகிவிட்டதோ என்று, அறுபத்தாறு வயது மனிதர், ஒரு சின்னப் பிள்ளையைப்போலப் பயந்தார்.

அடுக்கியிருந்த கடதாசிகளுக்குள் போன வருடத் துண்டு வந்த கடித உறை இருந்தது. மூலையில் கம்பனியின் தொலைபேசி எண். ஒரு வருடமாக அந்த உறையை எத்தனையோ முறை எடுத்துப் பார்த்தவர், அந்த எண்ணை ஒருநாளும் அழுத்தவில்லை. இப்போது அழுத்தினார். றோசா தரையிலிருந்து எழும்பாமல் அவருடைய காற்சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

மறுமுனையில் ஒரு பெண் பாட்டுப்போல இழுத்துப் பிரெஞ்சு பேசினாள். தனக்குத் தெரிந்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்: றொக்சன், என் மகன், அங்கே வேலை, இருக்கிறானா? இருக்கிறார் என்றாள். அவருக்கு அது போதவில்லை. உயிரோடு, உயிரோடு இருக்கிறானா என்று கேட்டார். அந்தப் பெண் சிரிப்பும் இரக்கமுமாகச் சொன்னாள்: நல்லாய் இருக்கிறார் மெஸ்யே, இப்போதுதான் கோப்பி மெஷினுக்கு என்னிடம் சில்லறை மாற்றிக்கொண்டு போனார். கூப்பிடவா, இல்லை ஏதாவது சொல்லவேண்டுமா?

கூப்பிடச் சொல்லி இருக்கலாம். ஆனால் அவன் வந்து எடுத்தால் முதலில் என்ன சொல்வது? உன்னைச் செத்தவன் ஆக்கிவிட்டேன் என்றா? நீக்கிலாப்பிள்ளை யோசித்து யோசித்துக் கடைசியில் சொன்னது இவ்வளவுதான்: வீட்டுத் தொலைபேசி நம்பர் அதேதான், மாறவில்லை என்று சொல்லுங்கள்.

“சில்லறை மாத்தினவனாம்,” என்று றோசாவிடம் சொன்னார். அவள் அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். அவரும் பக்கத்தில் தரையில் இருந்தார், பாண் பை இரண்டு பேருக்கும் நடுவில் நசிந்து கிடந்தது.

அன்று அழைப்பு வரவில்லை. சனி, ஞாயிறும் வரவில்லை. திங்கட்கிழமை காலை நீக்கிலாப்பிள்ளை கோவிலுக்குப் போகும் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். சஜிதா அவரைக் கண்டதும் எழுந்து வந்து, கதிரையை இழுத்துப்போட்டு, தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அந்தத் தண்ணீரைக் குடித்தால் சொல்ல வராது என்று அதைத் தொடாமலே சொல்லி முடித்தார். மாலை பெரிதாகிப்போனது, அந்தோனியார் சின்னவர், படம் பின்னால் நின்றது, எல்லாம்.

அவள் முகம் சிவந்துவிட்டது.

“நான் கார்ட் எல்லாம் அனுப்பிட்டன் அங்கிள். என்ர அம்மாட்டக் கேட்டுக்கேட்டுத் தமிழில எழுதினன்.”

“தெரியும் பிள்ளை. உம்மில பிழையில்லை.”

“நீங்கள் ஏன் அப்பவே சொல்லேல்லை?”

“சொல்லியிருக்கலாம்.”

அவள் கணினியைப் பார்த்தாள். விரல்களை விசைகளில் வைத்தும் தட்டவில்லை.

“அப்ப அவர் உங்களோட இருக்கிறாரோ?”

இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாதது. மகன் போனான் என்று கோவிலில்கூட ஒருத்தருக்கும் தெரியாது. வேலை, இரவு வேலை என்று சமாளித்திருக்கிறார்கள்.

“இல்லை,” என்றார். “ரெண்டு வருஷமா இல்லை. என்னோட கோவிச்சுக்கொண்டு போனவன்.”

சஜிதா பழைய படிவங்களைத் திறந்து பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

“ஆனா நீங்கள் அவர்ர சம்பளத்தையும் போட்டு, கூட வாடகை எல்லோ கட்டியிருக்கிறியள். இல்லாத ஆளுக்கு.”

“அறை இருந்தது தானே,” என்றார் நீக்கிலாப்பிள்ளை.

அவள் புதுப் படிவம் ஒன்றை அச்செடுத்து அவர்முன் வைத்தாள். முதலாவது வரியில் தன் பெயர், இரண்டாவதில் றோசா. மூன்றாவது வரிக்குக் குறுக்கே ஒரு கோடு போடச் சொன்னாள். வெற்றாக விடக்கூடாதாம். அவர் அடிமட்டம் கேட்டு வாங்கி, கறுப்புப் பேனையால், நேராக ஒரு கோடு போட்டார். மேலதிகாரிக்கு எப்படியோ விளக்கம் எழுதினாள் போல. ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு விஷயம் முடிந்தது. ஜூன் நடுவில், நாலு தெரு தள்ளி ஓர் அறை வீடு ஒன்று இருப்பதாக அறிவித்தல் வந்தது. றோசா பதின்மூன்று செவ்வாயையும் விடாமல் முடித்திருந்தாள். மாலையைக் கழற்றிவிட்டுத்தான். “அந்தோனியார் கண்டுபிடிச்சுத் தந்திட்டார்,” என்று ஒருநாள் சொன்னாள். “எங்க இருக்கிறானெண்டு தெரியுது. நடந்து வாறது அவன்ர வேலை.”

ஜூலை முதலாம் தேதி மொன்றியலில் பாதிச் சனம் வீடு மாறும். தெருவெல்லாம் கட்டிலும் குளிர்சாதனப் பெட்டியுமாகக் கிடந்தது. நீக்கிலாப்பிள்ளையின் சாமான்கள் ஒரே வான் வண்டியில் அடங்கின. றொக்சனின் கட்டிலைப் புது வீட்டில் போட இடமில்லை. அதை வசீகரனின் தகப்பன், படிவத்தில் மகனின் உழைப்பை எழுதாத அதே மனிதர், தன் வீட்டு நிலவறையில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். “கேக்கிற நேரம் எடுங்கோ அண்ணை,” என்றார். நீக்கிலாப்பிள்ளை அவரோடு பேசாமல் இருந்த காலம் எவ்வளவு என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்து வெட்கப்பட்டார். தொலைபேசிக் கம்பனியோடு மட்டும் இரண்டு மணித்தியாலம் மல்லுக்கட்டி, பழைய வீட்டு எண்ணையே புது வீட்டுக்கு வாங்கிவிட்டார். பழைய முகவரிக்கு வரும் தபாலையும் புது வீட்டுக்குத் திருப்பிவிட எழுதிக் கொடுத்தார்.

அந்த ஓர் அறை வீடு முதலாம் மாடியில் இருந்தது. கீழே, வாசற்கதவுக்கு உட்பக்கம், வரிசையாகத் தபால்பெட்டிகள். பெட்டியில் பெயர் இருந்தால்தான் தபால்காரர் போடுவார். சாமான் ஏற்றி முடிந்து, வான்காரனை அனுப்பிவிட்டு, நீக்கிலாப்பிள்ளை படிக்கட்டில் இருந்து ஒரு துண்டு மட்டையை அளவாக வெட்டினார். கறுப்புப் பேனையை எடுத்தார். தன் பெயரை எழுதினார். அதற்குக் கீழே றோசாவின் பெயர். அதற்கும் கீழே, அந்தச் சின்ன மட்டையில் இடம் போதாமல் எழுத்தைக் குறுக்கி, றொக்சன் என்று எழுதினார். கையில் விளக்குமாறோடு இறங்கி வந்த றோசா பின்னால் நின்று பார்த்தாள்.

“ஒப்பிசில கோடு போட்டுக் குடுத்தனீங்களெல்லோ?”

“அது ஒப்பிசுக்கு,” என்றார். “இது தபால்காரனுக்கு.”

மட்டையைப் பெட்டியின் முகப்பில் செருகி, விரலால் அழுத்திவிட்டார். பிறகு புதுச் சாவியைப் போட்டுத் திறந்தார். உள்ளே ஒரு பீட்சாக் கடை விளம்பரம் மட்டும் கிடந்தது. அதை எடுத்தார். பெட்டியின் பின்சுவர்வரை கையை விட்டுத் தடவினார். மூடினார். இரண்டு படி ஏறியவர் திரும்பி இறங்கி வந்து மறுபடியும் திறந்தார்.

“இப்பதானே பார்த்தனீங்கள்,” என்றாள் றோசா.

“பூட்டு புதுசு,” என்றார் நீக்கிலாப்பிள்ளை, வெறும் பெட்டிக்குள் பார்த்தபடி. “திறந்து திறந்துதான் பழக்க வேணும்.”